பெயர்களைத் தின்ற உடும்பு

மருத மரத்தடியில் காட்டுப் பல்கலைக்கழகம் இருந்தது. அதில் அரசியல் துறையும் இருந்தது. துறைத்தலைவர் ஒரு நாரை. அதற்குக் கீழே ஒரே ஒரு பேராசிரியர். அது உடும்பு.

நாரை நிறையப் பேசும். இறையாண்மை என்று ஆரம்பித்தால் மாணவ அணில்கள் தூங்கி விழும் வரை நிறுத்தாது. உடும்பு அதிகம் பேசாது. பிடித்தால் விடாது. அவ்வளவுதான்.

அந்தச் சித்திரை வெயிலில் குட்டைகள் எல்லாம் வற்றின. மிஞ்சியது ஒரு மடு. காட்டுத் தலைவனான சிறுத்தை அதன் மேல் கண் வைத்தது.

"இனி இந்த மடு எனக்கும் என் ஆட்களுக்கும்தான்! மற்றவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் போய்க் குடிக்கட்டும்!"

மலைக்கு அந்தப் பக்கம் போக இரண்டு நாள் ஆகும். குட்டிகள் பாதி வழியிலேயே செத்துப்போகும்.

ஆனால் காட்டில் ஒரு சட்டம் இருந்தது. எல்லாரையும் கேட்காமல் மடுவை அடைக்கக் கூடாது. பெரும்பாலோர் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தார்களா என்று அரசியல் துறை கேட்டுச் சொல்ல வேண்டும்.

சிறுத்தை நாரையைக் கூப்பிட்டது. "கருத்துக் கேட்டு வா! நல்ல கருத்தாகக் கேட்டு வா!"

நாரை கிளம்பியது. வழித்துணைக்கு இரண்டு கழுதைப்புலிகள் கூடப் போயின. சிறுத்தையையும் உடும்பையும் விட்டால் காட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் "சம்மதம்" என்றார்கள்.

"பார்த்தீரா உடும்பாரே! நூற்றுக்கு நூறு! என் முப்பது வருஷ ஆராய்ச்சியில் இப்படி ஒரு முடிவு வந்ததில்லை. ஒரு கையெழுத்துப் போடும்!"

"கேட்டபோது கழுதைப்புலிகள் எங்கே நின்றன?"

"எனக்குப் பின்னால்தான். ஏன்?"

"பதில் சொன்னவர்கள் உம்மைப் பார்த்தார்களா, அவற்றைப் பார்த்தார்களா?"

நாரை காலை மாற்றி நின்றது. "அதெல்லாம் எதற்கு? கேள்வி கேட்டோம். பதில் வந்தது."

"உம்முடைய ஆராய்ச்சியைக் கழுதைப்புலிகள் செய்திருக்கின்றன. நான் மறுபடி கேட்கிறேன்."

"வேலை போய்விடும் ஓய்!"

"போகட்டும்."

உடும்பு தனியாகப் புறப்பட்டது. முதலில் சருகுமானின் புதர். சருகுமான் உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது.

"ஏற்கெனவே சொல்லிட்டேனே வாத்தியாரே! சம்மதம், சம்மதம்!"

"கத்தாதே. என்னைத் தவிர இங்கே யாரும் இல்லை. சுற்றிப் பார்."

சருகுமான் பார்த்தது. "நான் சொன்னதை யாரிடமும் சொல்லமாட்டீரே?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

"ஒரு தடவை சொன்னால் போதாதா?"

சருகுமான் காதோடு காதாகச் சொன்னது. "வேண்டாம் வாத்தியாரே. என் குட்டி பிறந்து நாலு நாள்தான் ஆகுது. அது மலை ஏறுமா?"

உடும்பு புரச இலையில் பெயரையும் பதிலையும் நகத்தால் கீறிக்கொண்டது. ஒருவரையே இரண்டு தடவை கேட்காமல் இருக்க வேண்டுமே!

அடுத்து ஆமை. "உங்களுக்கு இரண்டு நாள் வழி. எனக்கு இரண்டு மாசம். போய்ச் சேருவதற்குள் மழையே வந்துவிடும். என்ன கேள்வி இது?" முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்தது. "முதலில் நீ யார் ஆள், அதைச் சொல்!" அதன் வளை வாசலில் உடும்பு அரை நாள் உட்கார்ந்திருந்தது. பிறகுதான் பதில் வந்தது.

ஆறு நாள் அலைந்தது. காலில் முள், வாலில் காயம். நிற்கவில்லை. சிறுத்தையின் ஆட்கள் ஐவரையும் தனித்தனியாகப் பிடித்துக் கேட்டது. நரி, கழுகு, இரண்டு கழுதைப்புலிகள், ஐந்தாவது நாரை. நாரைகூட நாலு பக்கமும் கழுத்தை வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னது. நாலு புரச இலை நிறைந்துவிட்டது.

ஏழாம் நாள் மடுக்கரையில் கூட்டம். சிறுத்தை பாறை மேல் உட்கார்ந்திருந்தது. உடும்பு பாறையில் ஏறி எதிரே நின்றது.

"வேண்டாம் என்றவர்கள் இருநூற்று ஒன்பது. சம்மதம் மூன்று. மடுவை அடைக்க முடியாது."

"யார் அந்த இருநூற்று ஒன்பது? பெயரைச் சொல்!"

"சொல்லமாட்டேன்."

"பிடுங்குங்கள் அந்த இலைகளை!"

கழுதைப்புலிகள் பாய்ந்தன. உடும்பு நாலு இலைகளையும் வாயில் திணித்துக்கொண்டது. அது இலை தின்கிற பிராணி இல்லை. தொண்டை அடைத்தது. கண் பிதுங்கியது. விழுங்கிவிட்டது.

"முடிவு உமக்கு. பெயர்கள் என் வயிற்றுக்கு!"

கழுதைப்புலிகள் வாலைப் பிடித்து இழுத்தன. உடும்பு நாலு காலாலும் பாறையைப் பற்றிக்கொண்டது. அசையவில்லை. கூட்டத்தில் சருகுமான் கண்ணை மூடிக்கொண்டது.

"வயிற்றைக் கிழிக்கட்டுமா?" என்றது சிறுத்தை.

"கிழித்துப் பாரும். இலைக்கூழ்தான் இருக்கும். வாசிக்க முடியாது."

சிறுத்தை யோசித்தது. "சரி, என் பக்கம் நின்ற மூவரையாவது சொல். அவர்களை மடுவுக்குக் காவல் வைக்கிறேன். பரிசும் தருகிறேன்."

"அதையும் சொல்லமாட்டேன்."

"அட, அது அவர்களுக்கு நல்லதுதானே!"

"மாட்டேன் என்றால் எல்லாருக்கும்தான்."

நரி முந்திக்கொண்டது. "தலைவரே, அந்த மூவரில் நான் ஒருவன்!"

"நானும்!" என்றது கழுகு.

"நாங்கள் இரண்டு பேரும்!" கழுதைப்புலிகள் வாலை விட்டுவிட்டு ஓடி வந்தன.

"நான் இல்லாமலா தலைவரே! முதல் ஆளே நான்தான்!" என்றது நாரை.

சிறுத்தை எண்ணியது. மறுபடி எண்ணியது. சம்மதித்தவர்கள் மூவர். வந்து நிற்பவர்கள் ஐவர்.

"இரண்டு பேராவது பொய் சொல்கிறீர்கள்! யார் அது?"

"நரிதான் தலைவரே!"

"இந்தக் கழுகு பெரிய புளுகன்!"

"நாரையைக் கேளுங்கள்! அதுதானே கடைசியாக வந்தது!"

சிறுத்தை உடும்பிடம் குனிந்தது. குரல் இறங்கிவிட்டது. "எனக்கு மட்டும் சொல். காதில் சொல்."

"மாட்டேன்."

சிறுத்தை நிமிர்ந்தது. எதிரே இருநூற்றுக்கு மேல். பின்னால் ஐந்து. அந்த ஐந்தில் யாரைக் காவல் வைப்பது? யாரை நம்பிக் கண் மூடுவது?

அது பாறையிலிருந்து குதித்தது. ஐந்தும் பின்னால் ஓடின. "ஒருவரும் கூட வராதீர்கள்!" என்று உறுமிவிட்டுத் தனியாகக் காட்டுக்குள் போனது.

கூட்டம் மடுவில் இறங்கித் தண்ணீர் குடித்தது. உடும்பு மூன்று நாள் வயிற்று வலியில் கிடந்தது. நாலாம் நாள் வகுப்புக்கு வந்தது.

உண்மையைக் கேட்டு வாங்குகிறவர், அதைச் சொன்னவரை எந்த மிரட்டலுக்கும் எந்தப் பரிசுக்கும் காட்டிக்கொடுக்கக் கூடாது.