வாசலைப் பார்த்த செருப்பு

"ஊரு பேரு தெரியாதவனையெல்லாம் உலகம் கூப்பிட்டுச் சோறு போடுது. என்னை வான்னு சொல்ல ஒரு வீடு கிடையாது. உத்தரவு குடுங்க அம்மா, நான் போறேன்" என்றான் மாசாத்தன்.

இரண்டு நாடுகளுக்கு நடுவே, கணவாயில் இருந்த மடம் அது. குரு நல்லம்மை சீடனைவிட எட்டு வயது இளையவள். அதிலேயே அவனுக்குப் பாதி எரிச்சல்.

மீதி எரிச்சலைக் கொண்டுவந்தவர் ஒரு தேசாந்திரி. போன மழைக்காலத்தில் தன்னந்தனியாக இந்த வழியே மேற்கே போனவர், முந்தைய நாள்தான் திரும்பி வந்திருந்தார்.

மாசாத்தன் ஊற்றிய கஞ்சியைக் குடித்துக்கொண்டே கதை சொன்னார். எல்லைக்கு அப்பால் மாராயி என்று ஒருத்தியாம். முன்பின் அறியாதவரைப் பத்து நாள் வீட்டில் வைத்துச் சோறு போட்டாளாம். கிளம்பும்போது கட்டுச்சோற்றோடு ஊர் எல்லைவரை வந்தாளாம்.

மாசாத்தனுக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான், வேறு பெயர் வைத்து மூடுவானேன்? பன்னிரண்டு வருடமாக இவன் கஞ்சி ஊற்றுகிறான். குடிக்கிறவர்கள் எவளோ ஒருத்தியின் பெருமையைப் பாடுகிறார்கள்.

வழக்கமாகச் செய்வதையே அன்றும் செய்தான். தேசாந்திரியின் நனைந்த செருப்பை அடுப்போரம் வைத்துக் காயவைத்தான். விடிந்ததும் அதை வாசலில், பாதையைப் பார்த்துத் திருப்பி வைத்தான்.

சீக்கிரம் தொலையட்டும் என்றுதான்.

அவரும் போய்விட்டார். அதன் பிறகுதான் குருவிடம் வந்து நின்றான்.

"போங்க" என்றாள் நல்லம்மை. "அந்த மாராயி வீட்டுக்கே போங்க. அவ யாரைப் பார்த்துப் பொறாமைப்படுறான்னு மட்டும் தெரிஞ்சுக்குங்க."

"அவளுக்கென்ன பொறாமை? அவளைத்தான் ஊரே மெச்சுதே!"

குரு கஞ்சிப் பானையைக் கழுவப் போய்விட்டாள்.

பத்து நாள் நடந்தான். மாராயியின் வீட்டை அடைந்தபோது கொட்டும் மழை.

"வாங்க சாமி, உள்ள வாங்க. இப்படியா நனையறது? தலையைத் துவட்டுங்க, சோறு ஆயிருச்சு" என்றாள் அவள். பெயரைக்கூடக் கேட்கவில்லை.

யாரோ பரிமாற அவன் உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனையோ காலமாயிற்று. மூன்று முறை சோறு வாங்கினான்.

காலையில் வாசலுக்கு வந்தான். அவன் செருப்பு காய்ந்து, இளஞ்சூடாக, பாதையைப் பார்த்து இருந்தது.

அதன் அர்த்தம் அவனைவிட நன்றாக வேறு யாருக்குத் தெரியும்?

"நான் எப்படா கிளம்புவேன்னு இருக்காம்மா?"

மாராயி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயையோ! குத்தமா எடுத்துக்காதீங்க சாமி. போன மழைக்கு ஒரு தேசாந்திரி வந்திருந்தாரு. நான் விருந்தே வச்சாலும் அவரு பேச்சு கணவாய் மடத்தைப் பத்தித்தான். 'அங்க ஒருத்தர் இருக்காரும்மா, ஈரச் செருப்பைக் காயவச்சு, குனிஞ்சு திருப்புற வேலைகூட நமக்கு வைக்காம, போற பக்கமா வச்சிருப்பாரு, பெத்தவகூட அப்படிச் செஞ்சதில்ல'ன்னு பத்து நாளும் அதே பாட்டு."

கட்டுச்சோற்றை எடுத்து நீட்டினாள்.

"அந்த மனுசனை நான் கண்டதில்ல. ஆனா நெனச்சாலே வயிறு எரியும் சாமி. அன்னையிலிருந்து நானும் வக்கிறேன். சரியாத்தான் வச்சிருக்கேனா?"

மாசாத்தன் கட்டுச்சோற்றை வாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பினான்.

"தொலையட்டும்னுதான் அம்மா திருப்பி வச்சேன்" என்றான் குருவிடம்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

நல்லம்மை வாசலைக் காட்டினாள். புதிதாக வந்த ஒருவர் நனைந்து நின்றுகொண்டிருந்தார்.

மாசாத்தன் கஞ்சி ஊற்றினான். செருப்பை அடுப்போரம் வைத்தான்.

விடிந்து வெகுநேரமாகியும், காய்ந்த செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"என்ன யோசனை?" என்றாள் குரு.

"இவரு இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போனா என்னம்மா?"