பச்சை விளக்கு அணையவில்லை

சவரிநாதனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அவருடைய குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் நடத்தும் எழிலரசியை அவர் 'டீச்சர்' என்பார். அவள் அவரை 'அண்ணே' என்பாள். இப்படியும் குரு சீடர் உண்டு.

போன வருடம் அவருடைய இறால் குட்டையில், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் சக்கரம் நின்றுபோனது. நின்றது யாருக்கும் தெரியவில்லை. போய்ப் பார்த்தபோது அத்தனை இறாலும் செத்துக் கிடந்தது. இந்த வருடம் மறுபடியும் குஞ்சு விட்டிருக்கிறார். இதுவும் போனால் எழுந்திருக்க முடியாது. அதனால்தான், சக்கரம் நின்றால் கத்தும் அலாரம் ஒன்றைச் செய்ய, இந்த வயதில் போர்டும் வயருமாக அலைகிறார். இன்று அத்தனையையும் எழிலரசியின் மேஜையில் பரப்பியிருந்தார்; சைரன் அடித்துக்கொண்டிருந்தது.

"சக்கரம் சுத்துறப்ப தண்ணி ஒரு தகட்டைத் தள்ளிப் பிடிச்சிருக்கும் டீச்சர். சக்கரம் நின்னா தகடு விழுந்து ஸ்விட்ச்சை அமுக்கும். போர்டுல 'பின்'னுன்னு நீட்டிக்கிட்டிருக்கிற கம்பிக்குக் கரண்டு வரும், சைரன் அடிக்கும். ஆனா ஸ்விட்ச்சை எதுவும் தொடாதப்பவும் அடிக்குதே! கையைப் பக்கத்துல கொண்டுபோனா அடிக்குது. அடுத்த குட்டைக்காரன் மோட்டார் போட்டாலும் அடிக்குது."

"ஸ்விட்ச்சை அமுக்காதப்ப அந்தப் பின் எதோட சேர்ந்திருக்கு?"

"எதோடயும் இல்ல."

"அப்ப அது யார் பேச்சைக் கேக்கும்?"

அவர் தகட்டைக் கையால் தள்ளிப் பிடித்தபடி அவளைப் பார்த்தார். அவள் ஒரு ரெசிஸ்டரை எடுத்து, பின்னுக்கும், வோல்ட்டே இல்லாத கிரவுண்டுக்கும் நடுவில் பற்றவைத்தாள். சைரன் அடங்கியது. பச்சை விளக்கு எரிந்தது.

"இனிமே யாரும் ஒண்ணும் சொல்லலைன்னா, எல்லாம் சரியா இருக்குன்னு எடுத்துக்கும். போதுமா அண்ணே?"

"போதும் டீச்சர். எங்க வீட்லயும் அப்படித்தான்."

"வீட்லயா?"

"மறுபடி குஞ்சு விடப்போறேன்னு வீட்டுக்காரி பாக்கியத்துக்கிட்ட சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லலை. சரின்னுதானே அர்த்தம்?"

எழிலரசி கட்டரை எடுத்தாள். ஸ்விட்ச்சிலிருந்து போர்டுக்கு வரும் வயரை நறுக்கென்று வெட்டினாள்.

பாவம், மனிதர் பதறிப்போனார்.

"என்ன டீச்சர் பண்றீங்க!"

"எலி கடிச்சிருச்சு. இப்ப தகட்டை விழ விடுங்க."

விட்டார். ஸ்விட்ச் அமுங்கிய சத்தம் கேட்டது. பச்சை விளக்கு அப்படியே எரிந்தது.

"சக்கரம் நின்னுருச்சு. இறால் செத்துக்கிட்டிருக்கு. போர்டு என்ன சொல்லுது?"

"எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுது." அவர் விளக்கை விரலால் தட்டிப் பார்த்தார். "முன்னாடி சும்மா கத்துச்சு, அது தப்பு. இப்ப கத்தவே மாட்டேங்குது, இதுவும் தப்பா? எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை டீச்சர்."

அவள் பற்றவைக்கும் கோலை அவர் கையில் கொடுத்தாள்.

"ரெசிஸ்டரைக் கிரவுண்டுலேருந்து எடுங்க. மேல, போர்டோட மூணு சொச்சம் வோல்ட்ல வைங்க. போன தடவை மாதிரி பேட்டரியோட பன்னெண்டு வோல்ட்டைக் குடுத்துப் புகைய விட்றாதீங்க. தண்ணி தள்ளுறப்ப தகடு அமுக்குற மாதிரி ஸ்விட்ச்சை அந்தப் பக்கம் மாத்தி மாட்டுங்க. சக்கரம் சுத்துற வரைக்கும் அது பின்னைக் கிரவுண்டோட பிடிச்சு வச்சிருக்கணும். பிடி விட்டா சைரன். ப்ரோகிராமை நான் மாத்துறேன்."

புகையாமல் முடித்தார். வெட்டிய வயரை முறுக்கிச் சேர்த்தார். தகட்டைக் கையால் தள்ளிப் பிடித்தார். பச்சை எரிந்தது.

எழிலரசி கட்டரை நீட்டினாள்.

மறுபடியுமா என்று அவளைப் பார்த்தார். தகட்டை விடாமல், மறு கையால் வயரை வெட்டினார். சைரன் அலறியது.

"இப்ப எதுவுமே சொல்லலையே டீச்சர்! தகடு விழலை. வயரே இல்ல. எதுக்குக் கத்துது?"

"எதுவும் சொல்லலைல்ல, அதுக்குத்தான்."

அவருக்கு ஒரு பக்கம் விளங்கியது போலவும் இருந்தது, இன்னொரு பக்கம் குழம்பியது போலவும் இருந்தது. வெட்டுப்பட்ட வயரின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒண்ணுமே பேசலைன்னா, அதை என்னன்னு எடுத்துக்கிறது டீச்சர்?"

"அண்ணி உங்ககிட்ட கடைசியா எப்ப பேசுனாங்க, அண்ணே?"

சவரிநாதன் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். சைரனை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை.