சந்தியாகு உள்ளே இருக்கிறார்

அந்த மடத்துக்குச் சாமி கும்பிட வருகிறவர்களைவிடச் சர்வர் வேலை பழக வருகிறவர்கள்தான் அதிகம்.

கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் குன்று. உச்சியில் ரேடியோக் கம்பம். கம்பத்தின் அடியில், முன்பு மணி தொங்கிய அறையில், ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். குரல் எட்டாத தூரத்துக்குப் போன படகுகள்கூட அதனோடு எழுத்தில் பேசும். ஒருவர் தட்டிய வரியை அது மற்ற எல்லாருக்கும் அனுப்பிவிடும். கீழே துறைமுகத்தில் இன்னொரு சர்வர். இரண்டும் இணைந்துவிட்டால் கடலும் கரையும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து அரட்டை அடிக்கலாம்.

குரு வடிவம்மா. சீடர் ராயப்பன். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார். இதில் யாருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

ஒரு புயலில் இடி விழுந்து சர்வர் எரிந்தது. அதே புயலில் ராயப்பனின் தம்பி சந்தியாகுவும் கரை திரும்பவில்லை. சின்னப் படகு, ஒற்றை ஆள். தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். கோவிலில் இறந்தவர்களுக்கான பூசை வைத்துவிடலாமா என்று பெரியவர்கள் மெல்லப் பேச்செடுத்தார்கள். தம்பி மனைவி செசீலி, அந்தப் பேச்சை எடுத்தவர் வீட்டுப் பக்கம் போவதையே நிறுத்திக்கொண்டாள்.

புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் வடிவம்மா அதை ராயப்பனிடம் தள்ளிவிட்டார்.

"இந்தத் தடவை எல்லாம் நீங்களே எழுதுங்க, அண்ணாச்சி. நான் எட்டிப் பாக்க மாட்டேன்."

ராயப்பன் உட்கார்ந்து எழுதினார். சர்வருக்கு ஒரு பெயர். படகுகள் வந்து சேரும் வாசல்கள். இன்னொரு சர்வரோடு இணைவதற்கான பாஸ்வேர்டு. இங்கே அதன் பெயரையும் அங்கே இதன் பெயரையும் எழுத வேண்டும். பாஸ்வேர்டு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும். அதையும் பார்த்தார்.

அப்புறம் வால் பெயர்கள். ஒருவர் பெயரில் ஏற்கெனவே ஆள் உள்ளே இருந்தால், இரண்டாவதாக வருகிறவரின் கருவி பெயருக்குப் பின்னால் ஒரு கோடு போட்டுக்கொண்டு வரும். துறைமுகத்துப் பையன்கள் அப்படி வால் வைத்துக்கொண்டு மற்றவர்கள்போல் பேசி வம்பு செய்ததால், வால் உள்ள பெயர்களை வாசலிலேயே விரட்டிவிடுவது அங்கே வழக்கம். ராயப்பன் அந்த விதியையும் மறக்காமல் எழுதினார்.

எல்லாம் முடிந்தபோது வடிவம்மா கதவருகே நின்று ஒன்றுதான் கேட்டார்.

"ஒருத்தர எப்ப வெளிய விடணும்னு எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேம்மா."

எழுதியிருந்தார்தான். சர்வர் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பெயரையும் கூப்பிட்டு, இருக்கியா என்று கேட்கும். அந்தப் படகின் கருவி, இருக்கேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெயரை எடுத்துவிட்டு, இன்னார் போய்விட்டார் என்று கூடத்தில் ஒரு வரி போடும்.

சர்வர் ஓடத் தொடங்கியது. படகுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. ஒரு பெயர் மட்டும் வரவில்லை. இல்லாத அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்த ராயப்பன், ஒரு குட்டி நிரலை எழுதினார். தம்பியின் பெயரில் அதை உள்ளே உட்கார வைத்தார். சர்வர் கேட்கும்போதெல்லாம் அது இருக்கேன் என்று சொல்லும். வேறு வேலை அதற்கு இல்லை.

சந்தியாகு உள்ளே வந்துவிட்டார் என்று கூடத்தில் வரி விழுந்தது.

பிறகு செசீலியின் வரி வந்தது. இருக்கீங்களா என்று கேட்டிருந்தாள்.

அந்தக் கேள்வி பதில் இல்லாமல் கிடப்பதை ராயப்பனால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நிரலில் இன்னும் ஒரு வரி சேர்த்தார். தம்பியிடம் யார் என்ன கேட்டாலும் அது பதில் சொல்லும்.

இருக்கேன்.

துறைமுகத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது, இது ராயப்பனின் வேலை என்று. ஆனாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மழை பெய்யுதா என்று செசீலி கேட்பாள். இருக்கேன் என்று வரும். பாப்பா சுவரைப் பிடிச்சு நடக்கிறா என்பாள். இருக்கேன் என்று வரும். கேட்டு முடிக்கும் முன்பே வரும். நீளமாகக் கேட்டாலும் குட்டையாகக் கேட்டாலும் அதே ஒரு சொல். கிணற்றுக்குள் கூப்பிட்ட மாதிரி இருக்கும். வலை பின்னுகிற ஆட்கள் அந்தப் பெயர் திரையில் வந்தால் சிலுவை போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

செசீலி ஒருநாள் குன்றேறி வந்தாள். ராயப்பனிடம் சண்டை போடவில்லை.

"அது அவுக பேசுற மாதிரி இல்ல, அத்தான். தெரியுது. ஆனா பதில் வருதே. பதில் வர்ற வரைக்கும் நான் என்ன செய்ய?"

அவள் போனபின் ராயப்பன் தனியாக உட்கார்ந்து, தம்பி என்று தட்டினார். இருக்கேன் என்று வந்தது. அவர் கையால் எழுதிய நிரல். அதன் ஒவ்வொரு எழுத்தும் அவருக்குத் தெரியும். இருந்தும் இன்னொரு முறை தட்டினார். மறுநாளும் கூப்பிட்டார். பிறகு தினமும் கூப்பிட்டார்.

அதன்பின் அந்தத் தட்டல் தொடங்கியது.

விளக்கு வைக்கும் நேரம், காற்று விழுந்து கடல் எண்ணெய்போல் கிடக்கும்போது, சர்வரின் திரையில் ஒரு வரி வரும். சந்தியாகு, பின்னால் ஒரு வால். யாரோ அந்தப் பெயரோடு உள்ளே வரப் பார்க்கிறார்கள். சர்வர் விரட்டிவிடும். மறுநாள் அதே நேரம் அதே பெயர் வரும். ஒன்றும் பேசாது. பேச உள்ளே விட்டால்தானே. வெயில் அடித்த நாட்களில் இரண்டு மூன்று முறை தட்டும். மூடாப்பு போட்ட நாட்களில் வராது.

காணாமல் போனவன் பெயரை வைத்து விளையாடும் பையன் எவனோ என்று ராயப்பனுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு நாள் மத்தியானம், துவைத்த சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு, இடுப்பில் துண்டோடு வடிவம்மாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். வால் வைத்துக்கொண்டு ஒருவன் தினமும் வருகிறான், வாசலில் விரட்டினால் போதாது, ஆளையே பிடிக்க வேண்டும், வழி சொல்லுங்கள் என்றார்.

வடிவம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கை நின்றது.

"வெயில் அடிச்சாத்தான் வர்றானா?"

"ஆமா."

வடிவம்மா எழுந்துவிட்டார். சாப்பாட்டு மணி அடிக்கப்போகிறது, முதலில் போய் உட்காருங்கள் என்று மட்டும் சொன்னார். கொடிப்பக்கம் வேகமாக நடந்தார்.

அந்த மடத்துப் பந்தியில் ஒரு வழக்கம். பரிமாறுகிறவர் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. ஆள் பார்த்துப் பரிமாறினால் கை நீளும், சுருங்கும் என்று என்றைக்கோ வைத்த ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் பேர் வெட்டிய டம்ளர் உண்டு. டம்ளரில் பேரைப் பார்ப்பார், இலையில் போடுவார், நகர்வார். ஒரு பேருக்கு ஒரு இலை.

ராயப்பன் கைகால் கழுவிக்கொண்டு வந்தார். அவர் இடத்தில் ஆள் இருந்தது.

பின்பக்கம் பார்த்தபோது தன் சட்டை என்று தெரிந்தது. யாரோ குனிந்து உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. கிட்டே போனார். சட்டைக்குள் ஒரு பெரிய பூசணிக்காய். அதன்மேல் தலையாக இன்னொரு சின்னக் காய். எதிரே அவருடைய டம்ளர். இலையில் சோறு, குழம்பு, கீரை எல்லாம் பரிமாறியாகிவிட்டது. ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஒன்றும் நடக்காததுபோல் சாப்பிட்டார்கள்.

அவர் பந்தியின் கடைசியில் போய் உட்கார்ந்தார். பரிமாறுகிற சங்கரபாண்டி வாளியோடு வந்தார். குனிந்த தலை நிமிரவில்லை.

"டம்ளர் எங்க? யாரு நீங்க?"

"ராயப்பன்."

"ராயப்பன் அங்க இருக்காரு."

"அது பூசணிக்காய்யா."

"ராயப்பனுக்குப் போட்டாச்சு. அவர் பேரச் சொல்லிக்கிட்டு இன்னொருத்தர் வந்தா, நான் ஏமாந்துருவனா?"

வாளி நகர்ந்துவிட்டது. வழக்கமாக எதற்கெடுத்தாலும் சிரிக்கிற சங்கரபாண்டி அன்று சிரிக்கவில்லை. ராயப்பன் திரும்பிப் பார்த்தார். தன் சட்டை தன் இலைமுன் குனிந்து உட்கார்ந்திருந்தது. என் இடம் என்று கத்தலாம். கத்தினாலும் இந்தப் பந்தியில் அது ஒரு வம்புக்காரனின் சத்தமாகத்தான் கேட்கும்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. வால் வைத்த பெயர். ஏற்கெனவே ஆள் உள்ளே இருந்தால் கருவி தானாகப் போட்டுக்கொள்ளும் வால். தம்பியின் படகில், வெயில் அடித்தால் மட்டும் கருவிக்கு உயிர் கொடுக்கிற சோலார் பலகை.

எழுந்து ஓடினார். படியேறும்போது துண்டு காலில் தடுக்கியது.

நிரலை நிறுத்தினார். தான் இத்தனை நாள் பார்க்கப் பயந்த வரி கூடத்தில் விழுந்தது. சந்தியாகு போய்விட்டார்.

கீழிருந்து செசீலி கேட்டாள். எங்க போனாங்க, அத்தான், ஏன் போனாங்க. இருக்கீங்களா, இருக்கீங்களா என்று கூடத்தில் கூப்பிட்டாள். பதில் சொல்ல இப்போது ஒன்றும் இல்லை. ராயப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு வால் பெயர் விதியையும் அழித்தார். வடிவம்மா வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்.

வெயில் சாய்ந்தது. காற்று விழுந்தது. கடல் எண்ணெய்போல் கிடந்தது.

சந்தியாகு உள்ளே வந்துவிட்டார்.

வால் இல்லை. ராயப்பன் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். அவர் எதையும் தொட்டிருக்கவில்லை.

செசீலி கேட்டாள். இருக்கீங்களா?

பதில் உடனே வரவில்லை. அந்த நிரலாக இருந்தால் இதற்குள் எப்போதோ வந்திருக்கும். திரை அப்படியே நின்றது. வெளியே ஒரு கடற்காகம் கம்பத்தில் வந்து உட்கார்ந்து, மறுபடி பறந்துபோனது.

இருக்கேன். தண்ணி இல்ல.

அடுத்த வரியில் அவன் மிதக்கும் இடத்தைக் காட்டும் எண்கள் வந்தன. அதோடு பாட்டரி இறங்கிப் பெயர் போய்விட்டது. ஆனால் துறைமுகத்தில் அதற்குள் என்ஜின்கள் உறுமத் தொடங்கியிருந்தன.

மறுநாள் மத்தியானம் அவனைக் கொண்டுவந்தார்கள். உதடு வெடித்து, தோல் கருகி, பாதி ஆளாக இருந்தான். மழைத்தண்ணீரிலும் பச்சை மீனிலும் உயிரைப் பிடித்திருந்தான். செசீலி பாப்பாவை அவன் மடியில் வைத்தாள். அது அடையாளம் தெரியாமல் அழுதது. ராயப்பனைப் பார்த்ததும் சந்தியாகு பக்கத்தில் கூப்பிட்டு, செசீலிக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"தட்டும்போதெல்லாம், சந்தியாகு ஏற்கெனவே உள்ள இருக்கார்னு வந்துச்சுண்ணே. உள்ள இருக்கது நான்னா, இங்க தண்ணியில கெடக்குறது யாருன்னு நெனச்சேன். நான் எப்பவோ செத்துட்டேன், தெரியாம தட்டிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன். கடைசி ரெண்டு நாள் தட்ட வேண்டாம்னுதான் நெனச்சேன், கை கேக்கல."

ராயப்பன் குன்றேறினார்.

பந்தி முடிந்த கூடத்தில் பூசணிக்காய் இன்னும் உட்கார்ந்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. நேற்றைய இலை சுருண்டு கிடந்தது. சட்டை ஒரு தோள்பக்கம் சரிந்து, அது யார் பேச்சையோ கூர்ந்து கேட்பதுபோல் இருந்தது. வடிவம்மா கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

ராயப்பன் தூரத்திலேயே நின்றார். கிட்டே போக அவருக்கு மனம் வரவில்லை.

"அம்மா."

"சொல்லுங்க."

"தம்பி பொழச்சுக் கெடந்தான், வந்துட்டான். இல்லாமப் போயிருந்தா? அப்பவும் நான் அந்தப் பேர எடுத்திருக்கணுமா?"

வடிவம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். பூசணிக்காயின் முன்னால் குந்தி உட்கார்ந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை உருவி, இரண்டு உதறு உதறி, மடித்து, அவரிடம் நீட்டினார்.

"போட்டுக்கங்க, அண்ணாச்சி. நேத்துலேர்ந்து வெறும் மேலோட நிக்கிறீங்க."