கஸ்பார் வீட்டுச் சோறு

“எனக்கு ஒரு தண்டனை கொடுங்க, சிஸ்டர்,” என்றார் தொம்மை.

சிஸ்டர் பிரகாசி, மணல்மேட்டுச் சிற்றாலயத்தின் சன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொம்மையைவிட இருபது வயது இளையவர். எழுத்தறியாத தொம்மைக்கு நற்செய்தி வாசிக்கக் கற்றுக்கொடுப்பவர்.

வெளியே பனிமூட்டம். கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

“எதுக்குத் தண்டனை?”

“நான் உயிரோட இருக்கேனே.”

கரையேறி ஒன்பது நாள் ஆகியும் தொம்மைக்குத் தரை அசைந்துகொண்டேதான் இருந்தது. யார் பேசினாலும் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் இருந்தது.

“சூறைக்காத்துல எங்க ரெண்டு பேரு வள்ளமும் கவுந்துட்டுது. கஸ்பார் கையில ஒரு வெத்துக் கேன் இருந்துச்சு. ஒரு ஆளைத்தான் தாங்கும். நீந்தி வந்து அதை எங்கிட்ட தள்ளிவிட்டுட்டு, அவன் முங்கிட்டான்.”

சிஸ்டர் துணியை வாளித் தண்ணீரில் முக்கினார்.

“அவன் வலையை அறுத்துவிட்டவன் நான். பதினோரு வருசமா பேச்சில்ல. என் மூஞ்சியை நல்லாப் பார்த்துட்டுத்தான் கொடுத்தான், சிஸ்டர்.”

அலைச்சத்தம் எங்கிருந்தோ வந்தது.

“நூறு ஜெபமாலை சொல்றேன். வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோட நடக்கேன். எதையாவது சொல்லுங்க.”

சிஸ்டர் துணியைப் பிழிந்து உதறினார்.

“கஸ்பார் வீட்டுல போயி ஒரு வாய் சாப்பிட்டுட்டு வாங்க.”

தொம்மை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“அது மட்டும் முடியாது.”

“எங்கிட்ட வேற ஒண்ணும் இல்ல, அண்ணாச்சி.”

தொம்மை பனிக்குள் நடந்தார். மார்பளவு தண்ணீரில் நடப்பதுபோல் நடந்தார். வீடுகள் ஒவ்வொன்றாய்த் தோன்றி மறைந்தன. ஒரு வீடு மட்டும் மறையவில்லை.

கஸ்பாரின் மனைவி கித்தேரியம்மாள் வாசலில் நின்றிருந்தார். நெடுநேரம் தொம்மையைப் பார்த்தார். பிறகு வழிவிட்டார்.

தட்டு வந்தது. சோறு வந்தது. ரசம் வந்தது.

தொம்மைக்குக் கை எழவில்லை.

“இந்தச் சோத்துக்கு நான் தகுதியில்லாதவன், மைனி.”

“தெரியும்,” என்றார் கித்தேரியம்மாள்.

“அந்தக் கேனை நான் வாங்கியிருக்கக் கூடாது.”

கித்தேரியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

“அவரு கொடுத்துட்டுப் போனதை நீங்களே வேண்டாம்னா, நான் அதை எங்க கொண்டு போயி வைப்பேன்?”

தொம்மை சோற்றில் கை வைத்தார். சுட்டது.

முதல் வாய் உள்ளே போனதும், ஒன்பது நாளாய் வராத அழுகை வந்தது.

கித்தேரியம்மாள் இன்னொரு அகப்பை சோறு போட்டார்.