இரண்டாவது தும்மல்

ஒரு ஊரில் ஓர் அப்பா இருந்தார், சங்கிலிமுத்து என்று பெயர். அவருக்கு ஒரு மகள், அழகுநாச்சி. தாயில்லாத பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னி வளர்த்தவர் அவர். ம் கொட்டு, கண்ணே.

அழகுநாச்சிக்குப் பட்டணத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம், புதன்கிழமை காலை பெட்டியும் கையுமாக அவள் வாசற்படியில் கால் வைத்தாள். பின்னாலிருந்து, "அச்ச்!"

ஒற்றைத் தும்மல்! அது கேட்டால் அந்த ஊரில் யாரும் படி தாண்ட மாட்டார்கள்.

"உக்காரு தாயி. தண்ணி குடி. நாளைக்குப் போகலாம்" என்றார் அப்பா. பாம் பாம் என்று பஸ் போயே போய்விட்டது.

வியாழக்கிழமையும் அதே படி, அதே "அச்ச்!" அப்போது அவர் மூக்குப்பொடி டப்பியை இடுப்பில் செருகுவதை அவள் பார்த்துவிட்டாள்.

"உங்க மூக்குக்கு வேற வேலையே இல்லையாப்பா?"

"வயசான மூக்கு தாயி. சொன்ன பேச்சு கேக்காது."

அவள் சிரித்துக்கொண்டே பெட்டியை இறக்கினாள். ஏனோ மனத்துக்குள் ஒரு நிம்மதி. ம்... விழித்திருக்கிறாயா?

அப்புறம் வெள்ளிக்கிழமை. படியில் நின்றாள். தும்மல் வரவில்லை. இன்னும் சற்று நின்றாள். வரவேயில்லை.

"ஏம்ப்பா, இன்னிக்குத் தும்மலையா?"

"பொடி தீந்துபோச்சு" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இரண்டு நாளாகத் தன்னைப் பிடித்து வைத்தது அப்பாவின் மூக்கு மட்டுமில்லை, தன் கால்களுந்தான். "போயிட்டு வரேம்ப்பா" என்று தெருவில் இறங்கினாள்.

"அச்ச்!"

இது பொடித் தும்மல் இல்லை, கண்ணே. அடக்கி வைத்த அழுகை மூக்கில் ஏறிவிட்டது.

"ஐயையோ! இது தானா வந்துடுச்சு தாயி!" என்று பதறினார் அப்பா.

அவள் நின்றாள், ஆனால் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. தூரத்தில் பாம் பாம். தீர்ந்துபோனதாகச் சொன்ன அந்தப் பொடி டப்பியை அப்பா இடுப்பிலிருந்து பிடுங்கி, மூக்கின் இரண்டு துளையிலும் பொடியைத் திணித்து, முகத்தைக் கோணி, "அ... அ... அச்ச்ச்!" என்றார்.

"ரெட்டைத் தும்மல்! நல்ல சகுனம்! ஓடு தாயி, பஸ் வருது!"

"ஒத்தைத் தும்மலோட நின்னிருந்தாலும் போயிருப்பேம்ப்பா."

"தெரியும் தாயி. பெட்டியை நீ இறக்கலையே. அதான் இன்னொண்ணு தும்மினேன்."

பஸ்ஸும் போயிற்று, கதையும் அதிலேயே ஏறிப் போயிற்று. உனக்குத் தும்மல் வந்தால் இரண்டாகத் தும்மிவிட்டு, கண்ணை மூடித் தூங்கு.