உப்புச் சாலையில் கழுதை பேசிய பேரம்

அந்தக் காலத்தில் கழுதைக்கும் வாய்ப்பேச்சு உண்டு. சந்தை இரைச்சலிலேயே பிறந்து வளர்ந்ததால், பேரத்தில் அதை மடக்க ஆளில்லை.

சாம்பி என்றொரு கழுதையும் அதன் தங்கை தவிட்டியும் வேம்பன் என்ற உப்பு வணிகனுக்குச் சுமை தூக்கின. கடலோரத்து உப்பளத்தில் மூட்டை ஏற்றினால் மலையடிவாரச் சந்தையில்தான் இறக்கம். வழியில் குளமும் உண்டு, கிணறும் உண்டு. எதன் பக்கத்திலும் வேம்பன் ஒதுங்க விடமாட்டான். தண்ணீரைக் கண்டால் கழுதை உள்ளே இறங்கிவிடும், மூட்டை நனைந்து உப்பு கரைந்து ஓடும் என்று பயம். உப்பு வணிகர் எல்லாருக்குமே அந்தப் பயம் உண்டு. கிளம்பும்போது ஒரு வாய் தண்ணீர், போய்ச் சேர்ந்த பிறகு ஒரு வாய் என்பதுதான் அவர்கள் வைத்திருந்த வழக்கம்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. தவிட்டிக்குக் கால் பின்னியது. அதன் சிறுநீர் அரைத்த மஞ்சளைக் கரைத்தது போல இறங்கியது. விட்டை கூழாங்கல்லாக விழுந்தது.

"அக்கா, தலை கனக்குது. பாதை ரெண்டு ரெண்டா தெரியுது" என்றது.

விழுந்தால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் என்றான் வேம்பன், அலட்டிக்கொள்ளாமல். போன கோடையிலும் ஒரு கழுதையை அப்படித்தான் கழுகுக்கு விட்டுவிட்டு வந்திருந்தான்.

சாம்பிக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு கிணற்றுக்கு நேராக, நடுச்சாலையில் நான்கு காலையும் ஊன்றி நின்றுவிட்டது.

வேம்பன் அதட்டினான், கெஞ்சினான், குச்சியால் முதுகைப் பழுக்க வைத்தான். அது அசையவில்லை. சந்தை கலைந்துவிடுமே என்று அவன் பதறத் தொடங்கியதும், பேச இதுதான் நேரம் என்று சாம்பிக்குத் தெரிந்துவிட்டது.

"வேம்பரே, உப்பு நனைஞ்சா உங்களுக்கு நட்டம். சரி. அதைச் சுமக்கிற நாங்க காய்ஞ்சா யாருக்கு நட்டம்?"

சாலையோரப் பள்ளத்தில் எருமை புரண்ட தண்ணீர் கிடந்தது. அதில் வாயை நனைத்துக்கொண்டு நடக்கச் சொன்னான். சாம்பி குனிந்து முகர்ந்தது. தொண்டை எரிந்துகொண்டிருந்தது. அப்படியும் வாய் வைக்கவில்லை.

"முதல்ல நீங்க ஒரு வாய் குடிங்க. அப்புறம் நான் குடிக்கிறேன்."

வேம்பன் அந்தத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளித்தான். மூட்டைகளை இறக்கித் தள்ளி வைத்தான். கிணற்று நீரைப் பனையோலைப் பட்டையில் ஏந்தி நீட்டினான். சாம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு, முதலில் தங்கைக்கு என்றது.

தவிட்டி குடித்தது, மூச்சு வாங்கியது, மறுபடியும் குடித்தது. கண்ணில் தெளிவு வந்தது. கால் நிலைத்தது. அப்புறம்தான் சாம்பி குடித்தது, அதுவும் ஆற அமர.

பிறகு இரண்டும் நடந்த நடைக்கு வேம்பன் ஓட வேண்டியதாயிற்று. மற்ற வணிகருக்கு முன்பே சந்தை சேர்ந்தார்கள். உப்பில் ஒரு கல் கூடக் கரையவில்லை. திரும்பும்போதும் அந்தக் கிணற்றடியில் நிற்கலாமா என்று வேம்பனே கேட்டான்.

"கிணறு கண்ட இடமெல்லாம் நிப்போம். தினமும்."

முடிந்த பேரத்தை மறுபடி பேசுவது தனக்கு இழுக்கு என்று, அதற்குப் பிறகு சாம்பி ஒரு சொல்கூடப் பேசவில்லை; அதைப் பார்த்து மற்றக் கழுதைகளும் பேச்சை விட்டுவிட்டன.

அன்று முதல்தான் உப்பு வணிகர் வழியில் சுமை இறக்கிக் கழுதைக்குத் தண்ணீர் காட்டினார்கள். கலங்கிய நீரில் கழுதை வாய் வைக்காததும், நடுச்சாலையில் நின்றுவிட்டால் எந்த அடிக்கும் நகராததும் அன்று முதல்தான்.