வாய் திறவாத ஆசாபியார்

ஆசாபியார் செம்பனைப் பழங்களை அவித்து, காலால் மிதித்து எண்ணெய் எடுத்துப் பிழைத்தவர். கணவரை இழந்தவர். கையும் காலும் எப்போதும் செங்கறையாக இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில், அந்நியர் ஆட்சி வருவதற்கு வெகுகாலம் முன்பு இருந்த ஓக்கேயோ என்ற சிற்றரசில், 'கறைக்காரி' என்றே அவரை அழைத்தார்கள்.

ஆனாலும் தினமும் விடியலில் ஆற்றில் குளித்து, ஆற்றுத் தாயின் கோயிலுக்கு முதல் பானை நீரைச் சுமக்கும் பேறு அவருக்கே வாய்த்திருந்தது. அந்த நீரைத் தாயின் பாதத்தில் ஊற்றும்வரை சுமப்பவர் பேசக்கூடாது, பானையை இறக்கவும் கூடாது என்பது கோயில் கட்டு; அதைக் காப்பதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அரசருக்குத் துப்பாக்கி ஆசை பிடித்தது. கடற்கரை வணிகர்கள் துப்பாக்கிக்கு விலையாக மனிதர்களைக் கேட்டார்கள். போர்க் கைதிகள் போதாமல் போகவே, காவலர்கள் தெருவில் அகப்பட்டவர்களையும் பிடித்தார்கள். பெற்றவர் வந்து "இது என் பிள்ளை" என்று சொன்னால் விட்டுவிட வேண்டும். அந்த நாட்டில் மிஞ்சியிருந்த இரக்கம் அவ்வளவுதான்.

ஒருநாள் பானையோடு வந்த ஆசாபியாரின் எதிரே, கயிற்றில் கட்டிய வரிசையில் அவருடைய ஒரே மகன் அக்கானி வந்தான்.

"அம்மா! ஒரு வார்த்தை சொல்லும்மா!"

காவலன் நின்றான். "உன் பிள்ளையா? சொல்லு, அவுத்து விட்டுர்றேன்."

அவர் கண்களில் நீர் கொட்டியது, உதடு துடித்தது. வாய் திறக்கவில்லை. தெருவே அவனை அறியும், ஆனால் பயந்து நின்றது. அவர் கோயிலுக்கு ஓடி, நீரை ஊற்றிவிட்டு, அலறிக்கொண்டு துறைக்கு ஓடினார். படகு போய்விட்டது.

"தண்ணி ஊத்தப் பிள்ளையைத் தொலைச்சவ" என்று ஊர் காறித் துப்பியது. பயந்து நின்ற அதே ஊர்தான். ராசியில்லாதவள் என்று பூசாரிகள் கோயில் கதவையும் சாத்தினார்கள்.

"வாக்குக் கொடுத்தவ நான். தாயை ஏன் குத்தம் சொல்லணும்?" என்றார் ஆசாபியார். மூடிய கதவின் படியிலேயே தினமும் நீரை ஊற்றினார்.

பிறகு மழை பொய்த்தது, ஆறு வற்றியது. ஆற்று மணலைத் தோண்டிக் கிடைத்த கலங்கல் நீரை அவர் படியில் ஊற்றிய ஒரு காலையில், அந்தப் படி பிளந்து ஊற்று பீறிட்டது. கதவு தானே திறந்தது. அரசர் முதல் எல்லோரும் ஓடிவந்து விழுந்து வணங்க, உள்ளிருந்து தாயின் குரல் கேட்டது:

"மகளே, அந்தக் கட்டு நான் போட்டதில்லடி. அன்னைக்கு நீ பானையைப் போட்டு உடைச்சிருந்தாலும் நான் கோவிச்சிருக்க மாட்டேன்."

அதைக் கேட்டும் ஆசாபியார் வாய் திறக்கவில்லை. வெறும் பானையை மகனைப் போல் மார்போடு அணைத்தபடி உள்ளே போனார். தாய் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள்.

அந்த அன்பின் பாதம் பணிகிறோம். அந்தக் கட்டைப் பணிய மட்டும் நமக்கு மனம் வரவில்லை.